திராட்சைக் கொடியில் இலை கிள்ளுதல்

கம்பம் பள்ளத்தாக்கைப் போலப் பன்னீர்த் திராட்சை பயிராகும் இடங்களில், பந்தல் இலை மூடி இருண்டவுடன் கைக்கு எட்டிய இலைகளையெல்லாம் கிள்ளியெறியும் குடியானவர் சிலர் உண்டு. வெயில் பட்டால் பழம் சீக்கிரம் கறுத்து இனிக்கும் என்பது அவர்கள் எண்ணம். இதில் பாதி மெய். மற்றப் பாதியோ மகசூலையும், அதை நம்பிச் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனையும் ஒருங்கே கெடுக்கக்கூடியது.

பழத்தின் இனிப்பு பழத்தில் பிறப்பதன்று. இலையே கொடியின் அடுப்பங்கரை. வேர் அனுப்பும் நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு, சூரிய வெளிச்சத்தின் உதவியால் இலை சர்க்கரையைச் சமைத்துக் குலைக்கு அனுப்புகின்றது. ஒரு குலை நன்கு பழுக்க ஏறக்குறைய 10 முதல் 15 நல்ல இலைகள் வேண்டும். எல்லா இலையும் ஒரே அளவாக உழைப்பதில்லை. தளிரிலைக்கு வரவைக் காட்டிலும் செலவு அதிகம். விரிந்து 30, 40 நாட்களான இலை முழு வல்லமையுடன் வேலை செய்யும். பிறகு படிப்படியாகத் தளரும். தன்மேல் விழும் வெளிச்சத்தில் தனக்குப் பயன்படும் பகுதியைப் பத்தில் ஒன்பது பங்கு வரை ஓர் இலையே உண்டுவிடுவதால், மூன்றாம் அடுக்கில் அகப்பட்ட இலை ஏறத்தாழ இருட்டில் கிடக்கின்றது. உண்டு உறங்கும் உறவினனைப் போன்றது அது.

நீக்கத் தக்கது அத்தகைய இலையே. பிஞ்சு பிடித்தபின் குலையை ஒட்டிய நிழலிலைகளில் இரண்டு மூன்றை எடுத்தால் காற்றோட்டம் உண்டாகும். நனைந்த குலை விரைவில் உலரும். அடிச்சாம்பல் நோயும் அழுகலும் குறையும். தெளிக்கும் மருந்தும் குலைவரை சென்று சேரும். பூப்பதற்கு முன் எடுப்பதோ வேறு விஷயம். அப்போது உணவு குறைந்து பூக்கள் உதிரும். நெருக்கமான குலையை நெகிழச் செய்யும் பொருட்டு ஐரோப்பாவில் ஒயின் திராட்சைக்கு இதை வேண்டுமென்றே செய்வதுண்டு. எடைக்கு விற்பவர் அதைப் பின்பற்றுதல் நஷ்டமே.

நிறம் திரும்பும் சமயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நேர் வெயிலில் தொங்கும் பழம் சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடும். அச்சூட்டில் தோல் வெந்து சுருங்கும், கறுப்பும் குன்றும். நிறம் வேண்டி இலையைப் பறித்தவர் நிறத்தையே இழக்க நேரிடும்.

மற்றொரு நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரியாது. இலை சமைத்த உணவில் ஒரு பகுதி தண்டிலும் வேரிலும் சேமிப்பாகத் தங்கி, அடுத்த கவாத்துக்குப்பின் வரும் துளிருக்கு முதலாகின்றது. வருங்காலக் குலையின் கருவும் மொட்டினுள் முன்கூட்டியே உருவாகின்றது; அதற்கு உணவும் வெளிச்சமும் இரண்டுமே தேவை. அடர் நிழலில் விளைந்த மொட்டு பற்றுக்கம்பியை ஈனுமேயன்றிக் குலையை ஈனாது. ஆதலால் பந்தலை இருளவிடுவதும் பிழை, மொட்டையடிப்பதும் பிழை.

இலையில் கை வைக்குமுன் பக்கத் தளிர்களையும் பற்றுக்கம்பிகளையும் நீக்கி, ஓடும் கிளைகளை 12 முதல் 15 கணுவில் நுனி கிள்ளிவிட்டால், பெரும்பாலான பந்தல்களில் போதிய வெளிச்சம் இறங்கும். மகாராஷ்டிரத்தில் அக்டோபர் கவாத்துக்கு முன் இலைகளை முழுதும் உருவுவது, மொட்டுகள் ஒருசேரத் துளிர்ப்பதற்காகவாம். அப்போது பந்தலில் குலை ஏதும் இராது.