பெரிய இல்லமா, சிறிய வீடா?

றொசல்ல புகையிரத நிலையத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவே ஏறிச் செல்லும் பாதையில் பழைய லயன் ஒன்று இருக்கிறது. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியில் மழை எப்படிப் பெய்யும் என்பதை எமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்பக்கத்து மண்மேடு சரிந்து குசினிச் சுவரோடு வந்து நின்ற பிறகு, அந்த லயனில் எவரும் இருக்கக் கூடாது என்று அறிவித்தல் வந்தது. மேட்டில் கோவாவும் போஞ்சியும் லீக்ஸும் போட்டுப் பிழைத்த குடும்பங்களின் தோட்டங்களும் மண்ணோடு போய்விட்டன.

அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 74 வயதான பாட்டி ஒருவர் இருக்கிறார். 31 வருடங்கள் பெயர் பதிந்து கொழுந்து பறித்தவர். மகன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மருமகளும் இரண்டு பிள்ளைகளும் உறவினர் வீட்டில் ஒரே காம்பராவில் இருக்கிறார்கள். பாட்டிக்கு முழங்கால் வருத்தம். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்ப வேண்டும். மலசலகூடமோ வெளியே, ஈரப்படிகளில் இறங்கிப் போக வேண்டிய இடத்தில். மகன் இரண்டு இடங்களை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்று, நகரத்தில் நூறு பேருக்கு மேல் இருக்கும் பெரிய முதியோர் இல்லம். மற்றது, பழைய உத்தியோகத்தர் விடுதியொன்றில் ஒன்பது பேரை வைத்துப் பராமரிக்கும் சிறிய வீடு. எதற்கு அனுப்புவது என்று எம்மிடம் கேட்டார்.

பாட்டி கேட்டது வேறு கேள்வி. "போகச் சொன்னா போறேன் தம்பி. அங்க வெத்தல போட விடுவாங்களா?"

இந்தக் கேள்வியை நாம் சிரித்துவிட்டு விடக்கூடாது. முதியோர் இல்லத்தைத் தெரிவு செய்வது பற்றிப் படித்தவர்கள் எழுதும் எல்லா விடயங்களும் இதற்குள் அடங்கியிருக்கின்றன. எத்தனை மணிக்கு எழும்புவது, என்ன சாப்பிடுவது, யாரோடு பேசுவது, எந்தச் சாமியைக் கும்பிடுவது ஆகியவற்றையெல்லாம் இனி யார் தீர்மானிப்பார்கள் என்பதே அவர் கேட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது எமது மக்கள் மத்தியில் இன்னும் வெட்கக்கேடாகவே பார்க்கப்படுகிறது. "பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டுட்டான்" என்ற பேச்சுக்குப் பயந்து, ஒழுகும் காம்பராவில் கிழவியைத் தனியே விட்டுவைத்திருப்பவர்களையும் கண்டிருக்கிறோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகிறது. பிள்ளைகளோ கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. வீடு போனதோடு, பக்கத்துக் காம்பராவில் இருந்து பாட்டிக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுத்த அயலவரும் போய்விட்டார்.

பெரிய இல்லத்தைப் பற்றி முதலில் பார்ப்போம். அதற்கென்று பலங்கள் உண்டு. இரவில் விழித்திருக்க ஆள் இருக்கும். நெஞ்சுவலி என்றால் வாகனம் இருக்கும். ஒரு சமையற்காரர் வராவிட்டால் இன்னொருவர் சமைப்பார். நடத்துபவர் மாறினாலும் இல்லம் மூடப்படாது. கொழும்பு மருதானையில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையினர் நடத்தும் முதியோர் இல்லம் 1888ஆம் ஆண்டிலிருந்து இருந்து வருகிறது. இரண்டு உலகப் போர்களையும் நாட்டின் எல்லாக் குழப்பங்களையும் அது கண்டுவிட்டது. அந்தச் சபையைத் தொடங்கிய ஜான் ஜுகான் என்ற பெண்மணி 1839இல் பிரான்ஸ் நாட்டில் கண் தெரியாத ஒரு மூதாட்டியை வீட்டுக்கு அழைத்து வந்து தமது சொந்தக் கட்டிலையே கொடுத்தவர். பெரியதாக வளர்ந்தது அந்த ஒரு கட்டிலில்தான் தொடங்கியது.

ஆனால் நூறு பேருக்குச் சமைக்கும்போது ஒருவருக்குக் காரம் குறைக்க முடியாது. மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் படுக்கை. வாழ்நாள் முழுக்கப் பிரட்டுக்கு மணி கேட்டு ஓடியவர்களுக்கு முதுமையிலும் மணி என்றால் அது ஓய்வாகுமா என்று எமக்குச் சந்தேகம். மொழி இன்னொரு பிரச்சினை. சிங்களம் மட்டுமே பேசும் பணியாளர்களிடம் "அடிவயிறு இழுத்துப் பிடிக்குது" என்பதை எப்படி விளக்குவது? வருத்தம் சொல்லத் தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும் கிழவியை "சத்தம் போடாத நல்ல பாட்டி" என்று சொல்லிவிடுவார்கள்.

சிறிய வீட்டுக்குப் போய் நாம் பார்த்தோம். அடுப்படியில் இரண்டு பேர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முற்றத்தில் கீரைப்பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இதுதான் அதன் பெரும் சிறப்பு. விவசாயம் செய்தவர்களுக்குக் கை சும்மா இருந்தால் உடம்பு கெட்டுவிடும். ஒரு பாத்தி நிலம் இருக்கிறதா, அதில் தொட விடுவார்களா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. எல்லாம் ஒரு பெண்ணை நம்பியே நடக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டோம். தங்கை வருவார் என்றார். தங்கைக்கும் வர முடியாவிட்டால்? பதில் இல்லை. இரவு ஒருவருக்கு மூச்சு முட்டினால் முச்சக்கர வண்டி தேடி டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கோ நாவலப்பிட்டிக்கோ ஓட வேண்டும். மழையில் பாதை அடைபட்டால் அதுவும் இல்லை. எவரும் சொல்லாத இன்னொரு விடயமும் உண்டு. நூறு பேர் உள்ள இடத்தில் ஒருத்தியோடு கோபம் வந்தால் வேறொருத்தியிடம் போய் உட்காரலாம். ஒன்பது பேர் உள்ள வீட்டில் பக்கத்துக் கட்டில்காரியோடு பேச்சு நின்றுவிட்டால் அது சிறைதான். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

ஆகவே தலையை எண்ணித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டின் நன்மையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் ஞாபகமறதி நோயுள்ள முதியோருக்காக 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேய் குடியிருப்பில், ஆறு ஏழு பேர் ஒரு வீடாக வாழ்கிறார்கள். கடையும் மருத்துவமும் எல்லா வீடுகளுக்கும் பொது. அது பணக்கார நாட்டுக் கதை என்பீர்கள். தமிழ்நாட்டுக் கடலூரைப் பாருங்கள். 2004 டிசெம்பர் 26இல் வந்த சுனாமியில் வீட்டையும் பிள்ளைகளையும் இழந்து நின்ற முதியோருக்காக, ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனம் அங்கே தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. சுமார் நூறு பேருக்கான இடம். அதைக் கிராமம் என்றே அழைத்தார்கள். அழிவில் இடம்பெயர்ந்த ஏழைகளுக்கும் இப்படிச் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. கோயம்புத்தூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற வசதியானவர்களுக்காக எழுந்திருக்கும் வீட்டுத்தொகுதிகளைப் பற்றி இங்கே எழுதிப் பயனில்லை. அவை காசுள்ளவர்களின் தெரிவு.

காசு என்றதும் சேவைக்காலப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில்தான் எமது மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடங்களுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு வருடமொன்றுக்கு 14 நாட் சம்பளம் என்ற கணக்கில், கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்துப் பணம் கிடைக்க வேண்டும். பாட்டியின் 31 வருடங்களுக்கு 434 நாட் சம்பளம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அது கொடுபட வேண்டும். இதைவிட ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. சம்பளத்தில் எம்மிடம் நூற்றுக்கு 8 கழிக்கிறார்கள், நிர்வாகம் 12 சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம்.

எடுக்கப் போகும்போதுதான் தெரியும், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்து இடாப்பில் மூன்றாவது பெயர். எமது பாட்டிக்கும் அதே கதை. ஓய்வுபெற்று இத்தனை வருடங்களாகியும் சேமலாப நிதியில் ஒரு பகுதி வரவில்லை, எழுத்து வேறுபாடுதான் காரணம். ஊரில் இன்னும் வேலை செய்பவர்கள் இன்றே மூன்று கடதாசிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தை மொத்தமாக எந்த இல்லத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். "ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம், எல்லாவற்றையும் தாருங்கள்" என்று கேட்டால் யோசியுங்கள். பிடிக்காமல் திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. மாதாமாதம் கொடுப்பதே நல்லது. பாட்டியின் பெயரில் வங்கிப் புத்தகம் பாட்டியிடமே இருக்கட்டும். 70 வயதைக் கடந்தவர்களின் முதியோர் கொடுப்பனவைப் பெறுபவராக இருந்தால், இடம் மாறும்போது அது நின்றுவிடாமல் இருக்கக் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைக் கடந்தவர்களை முதியோர் என்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் உண்டு. முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போய், "இந்த இடம் பதிவில் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிறிய வீடுகளைப் பற்றிக் கேட்பது இன்னும் அவசியம். நல்ல மனதோடு தொடங்கிய வீடாக இருந்தாலும், எவரும் வந்து பார்க்காத இடத்தில் நாளடைவில் என்னவும் நடக்கலாம்.

பார்க்கப் போவதானால் சொல்லாமல் போங்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். மலசலகூடத்தைப் பாருங்கள். கைபிடி இருக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா? படுத்த படுக்கையானவர்கள் எங்கே என்று கேளுங்கள். நடமாடுபவர்களை மட்டும் காட்டினால் சந்தேகப்படுங்கள். வேறு சமயத்தவர் விளக்கேற்ற இடம் உண்டா? இதைச் சபைகள் நடத்தும் இல்லங்களிலும் தயங்காமல் கேட்க வேண்டும். கடைசியாகச் சாவைப் பற்றியும் கேளுங்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு வருடக்கணக்காகச் சந்தா கட்டியவர்கள் வெளியூரில் இறந்தால் சங்கம் வருமா, உடலை எங்கே கொண்டுபோவார்கள்? முதியோர் இரவில் இதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்கத் தயங்குவதால் அவர்களும் சொல்வதில்லை.

புதிய குடியேற்றத்தில் காணி கிடைக்கப்போகும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்பதே மலையகத் தனிவீட்டுத் திட்டங்கள் பலவற்றின் அளவாக இருந்தது. ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை இருந்த குடும்பத்துக்கு ஒரு வீடு கிடைக்கும்போது, கிழவர்கள் பழைய லயத்திலேயே தங்கிவிடுவதைப் பார்க்கிறோம். பயனாளிகள் பட்டியல் எழுதும் நாளிலேயே பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள். படியில்லாத வாசலும் உள்ளே ஒரு மலசலகூடமும் கேளுங்கள். அவை கிடைத்தால் பல குடும்பங்களுக்கு இல்லம் தேடும் வேலையே இருக்காது.

றொசல்லப் பாட்டியின் வீட்டுக்குக் காணி இன்னும் கிடைக்கவில்லை. மகன் இரண்டு இடங்களுக்கும் தாயை அழைத்துச் சென்று காட்டினார். பெரிய இல்லத்தில் தாதி இருந்ததை அவர் மெச்சினார். சிறிய வீட்டில் வட்டவளைப் பக்கத்துக்காரி ஒருத்தி இருந்தார், பழைய கங்காணியின் பெயரைச் சொன்னதும் இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு மாதம் இருந்து பார்ப்பது என்று சிறிய வீட்டுக்காரியோடு பேசி முடித்திருக்கிறார்கள். காம்பராவில் பாட்டியின் கட்டிலை எடுக்கக் கூடாது என்பது பாட்டி போட்ட நிபந்தனை. வெற்றிலை போடலாம், ஆனால் துப்புவதற்குத் தகரம் கொண்டு வர வேண்டுமாம். தகரம் கட்டியாகிவிட்டது. சனிக்கிழமை மகன் லீவில் வருகிறார்.