பக்கம் பக்கமாகக் கேட்போம்

வீட்டில் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களில் பலர், பிடித்த பாட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடி, முள்ளை நேராக அந்த இடத்தில் இறக்கிக் கேட்கிறார்கள். அடுக்கிலிருந்து வரிசையாக எடுத்து, ஒவ்வொரு தட்டையும் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை, இரண்டு பக்கமும் கேட்பவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரின் வழிதான் சரியானது என்பது என் கட்சி. ஒரு பாட்டை மட்டும் கேட்கக் கைபேசி போதும். தட்டில் இருப்பது ஒரு பக்கத்தின் நீளத்துக்குள் யோசித்து அமைக்கப்பட்ட இசை. அந்த நீளத்தை மறந்துவிட்டால், பாடியவர் என்ன முடிவெடுத்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது காதில் விழாது.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பத்து அங்குல 78 தட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது சுமார் மூன்றேகால் நிமிடம். நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்துப் புகழ்பெற்றவர். அதே தோடி தட்டில் ஏறியபோது நிமிடக் கணக்கில் சுருங்கியது. அந்தக் காலத்துக் கீர்த்தனைத் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் ஒரு பழக்கம் தெளிவாகப் பிடிபடும். ஆலாபனை இருந்தால் அது ஒரு கோடு காட்டுவதோடு சரி. பல்லவியில் சங்கதிகள் எண்ணி வைத்ததுபோல் வரும். காலப்பிரமாணம் கச்சேரியில் பாடுவதைவிடச் சற்று விறுவிறுப்பாக இருக்கும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பியதும் தட்டு முடிந்துவிடும். ஒரு தட்டை மட்டும் கேட்பவருக்கு இது அந்தப் பாடகரின் பாணி என்று தோன்றலாம். பத்துப் பேரின் தட்டுகளைத் தொடர்ந்து கேட்பவருக்குத்தான் இதில் எது அவரவர் பாணி, எது மூன்றேகால் நிமிடத்தின் நெருக்கடி என்று பிரித்துப் பார்க்க முடியும். அத்தனை நெருக்கடியிலும் ஒருவர் ஓர் இடத்தில் நின்று ஒரே ஒரு பிடியை நிதானமாகப் பாடியிருந்தால், அந்த ராகத்தில் அவர் எதை உயிராக நினைத்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடையாது.

1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றைக் கொஞ்சம் தாண்டிய வேகம், பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடுவது. 78 தட்டில் அதை ஆறேழு பக்கங்களாகத் துண்டாட வேண்டியிருக்கும். விடியற்காலையில் எழுந்து எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தால், அது வீட்டுக்கு வீடு இப்படி நிலைத்திருக்குமா என்பது சந்தேகமே. திரைப்படக் கதைவசனத் தட்டுகளுக்கும் எல்.பி. தந்த நீளம் கைகொடுத்தது. ‘திருவிளையாடல்’ வசனம் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் மைக் செட்டுக்காரர்களின் குழாய் ஸ்பீக்கர் வழியே ஊர் முழுக்கக் கேட்டது. படத்தைவிட அந்தத் தட்டின் வெட்டும் வரிசையும்தான் பலர் மனத்தில் பதிந்திருக்கிறது.

எல்.பி.க்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், முள்ளுக்கு அடியில் வெளிவட்டத்தில் நொடிக்கு ஏறக்குறைய ஐம்பது சென்டிமீட்டர் நீளப் பள்ளம் கடந்துபோகும். லேபிளுக்குப் பக்கத்தில் அது இருபது சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் உள்வட்டத்தில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கரகரக்கும், உச்சஸ்தாயி மங்கும். இதை அறிந்த தயாரிப்பாளர்கள் ஆரவாரமான உருப்படியை முதலிலும் அமைதியானதைக் கடைசியிலும் வைப்பதுண்டு. பாட்டுகளை உருவி எடுத்துக் கேட்பவருக்கு இந்த வரிசையின் காரணம் புரிய வழியே இல்லை.

டிஜிட்டலில் ஒலி இதைவிடத் துல்லியம், பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே சி.டி. 96 டெசிபல் வீச்சைத் தாங்கும்; நல்ல எல்.பி.யே எழுபதைத் தொடுவது பெரிய காரியம். ஒலித்தரத்துக்காக நான் வாதாடவில்லை. இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது: மூன்றேகால் நிமிடம் என்பது இயந்திரம் விதித்தது, கலைஞர் கேட்டு வாங்கியதல்ல; அதைப் போய் ஏன் மதிக்க வேண்டும்? மதிக்க வேண்டாம், கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும். இயந்திரம் விதித்த எல்லையை மறந்துவிட்டுத் தட்டையே கச்சேரி என்று நம்புவதுதான் அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஓட்ட ஓட்டத் தட்டு தேயும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பெருமளவு கெடுதி மழுங்கிய முள்ளாலும் தவறான முள்ளாலும் வருவது. 78-இன் பள்ளம் அகலம், எல்.பி.யின் பள்ளம் குறுகல். இரண்டுக்கும் ஒரே முள்ளைப் போடக் கூடாது. தேய்மானத்திலும் படிக்க விஷயம் இருக்கிறது. பழைய சினிமா இ.பி. என்ற சிறு தட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ஒரு பாட்டின் பள்ளங்கள் மட்டும் சாம்பல் பூத்திருக்கும், மறுபக்கம் கறுப்பு மாறாமல் மின்னும். அந்த வீடு எதை விரும்பியது, எதைக் கேட்காமலே விட்டது என்பது அதில் எழுதியிருக்கிறது. வரிசையாகக் கேட்கிறவருக்கு அந்த மின்னும் பக்கத்திலும் முள் இறங்கும்.

தட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பாதுகாப்பவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாட்டுவாரியாக நறுக்கி, இரைச்சலைச் சலித்து ஒரு பிரதி செய்யுங்கள், அதோடு, முள் இறங்கும் ஓசையிலிருந்து எழும் ஓசைவரை ஒரு பக்கத்தை அப்படியே வைத்து இன்னொரு பிரதியும் செய்யுங்கள். எந்தப் பக்கம், என்ன வேகம், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்த எண் என்ன என்பதையும் கூடவே எழுதிவையுங்கள்.