தேடுபொறி சொல்லும் மருந்தை அப்படியே தெளிக்கலாமா?

பயிரில் இலை மஞ்சளாகிறது என்றால் முன்பெல்லாம் விவசாயிகள் பக்கத்து வயல்காரரைக் கேட்பார்கள். அல்லது மருந்துக் கடைக்குப் போவார்கள். இன்று பலர் முதலில் கேட்பது கையிலுள்ள செல்போனைத்தான். இணையத்தில் உள்ள செய்திகளைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்குத் தேடுபொறி என்று பெயர். கடந்த சில ஆண்டுகளில் அது பதில் சொல்லும் விதமே மாறிவிட்டது. இதனால் விவசாயிகளுக்கு நன்மை உண்டு. கவனக்குறைவாக இருந்தால் நட்டமும் உண்டு.

பட்டியல் போய் பதில் வந்தது

கூகுள் நிறுவனத்தை 1998ல் அமெரிக்காவில் லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவர் தொடங்கினர். இணையப் பக்கங்களை இயந்திரம் ஓயாமல் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பதிந்து வைத்துக் கொள்ளும். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதையும் பார்த்து வரிசைப்படுத்தும். கேட்டவருக்குக் கிடைத்தது பக்கங்களின் பட்டியல். எதை நம்புவது என்று அவரே முடிவு செய்தார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின் இது மாறியது. செயற்கை நுண்ணறிவு பல பக்கங்களில் உள்ளதைச் சுருக்கி ஒரே பதிலாகத் தருகிறது. கூகுளும் 2024 மே மாதம் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் பட்டியலுக்கு மேலே இத்தகைய பதிலைக் காட்டத் தொடங்கியது.

எழுதத் தெரியாதவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. 2017 முதல் தமிழில் பேசியே கூகுளில் தேடலாம். பூச்சியையோ, இலையையோ படம் பிடித்துக் காட்டினால் அது என்னவென்று சொல்லும் வசதியும் வந்துள்ளது.

தவறு எங்கே நேரும்?

இயந்திரம் வயலுக்கு வந்து பார்ப்பதில்லை. இணையத்தில் யாரோ எழுதியதைத்தான் அது திரட்டுகிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில், பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டவில்லை என்று கேட்டதற்கு, பசை சேர்க்கும்படி கூகுள் பதில் சொன்னது. யாரோ பல ஆண்டுகளுக்கு முன் வேடிக்கையாக எழுதியதை அது உண்மை என்று எடுத்துக்கொண்டது. விவசாயத்தில் இப்படித் தவறினால் ஒரு போகமே பாழாகலாம்.

பழைய பக்கங்கள் இணையத்திலிருந்து தாமாக மறைவதில்லை. எண்டோசல்பான் மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை விதித்தது. ஆனால் அதற்கு முன் எழுதிய சிபாரிசுகள் இன்றும் தேடலில் அகப்படலாம். மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு இந்தியாவில் முதன் முதலில் 2018ல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் எழுதிய பக்கத்தில் அதற்குத் தீர்வு இல்லாமல் போகலாம்.

அளவிலும் கவனம் தேவை. ஆராய்ச்சி நிலையங்கள் பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் சிபாரிசு செய்கின்றன. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஹெக்டேருக்கு 100 கிலோ உரம் என்றால் ஏக்கருக்குச் சுமார் 40 கிலோதான். இதைக் கவனியாமல் ஏக்கருக்கே 100 கிலோ போட்டால் பணமும் போகும், பயிரும் கெடும்.

படத்தை மட்டும் நம்புவதும் சரியல்ல. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளம் இலைகள் வெளுக்கும். வயலில் தண்ணீர் தேங்கினாலும் பயிர் மஞ்சளாகும். ஒரே ஓர் இலையின் படத்தில் இவை பிரித்தறிய வராது. முழுச் செடி, இலையின் அடிப்புறம், வயலின் நிலை என்று மூன்று நான்கு படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது.

கேட்பது எப்படி?

"நெல்லுக்கு என்ன மருந்து?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். பயிர், இரகம், வயது, மாவட்டம், பாசன வசதி, தெரியும் அறிகுறி, கடைசியாகப் போட்ட உரம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதில் வந்ததும், அது எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று திறந்து பார்க்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலும் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

தேடலில் முதலில் வருவதெல்லாம் சிறந்தது என்று எண்ண வேண்டாம். காசு கொடுத்தவர்களின் விளம்பரமும் முதலில் வரும். பிரதமர் குசும் சூரிய சக்தி பம்ப்செட் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பணம் வசூலிப்பதாக மத்திய அமைச்சகமே பலமுறை எச்சரித்துள்ளது. மானியத்துக்காக எந்த இணையதளத்திலும் பணம் கட்டுமுன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

தெளிக்குமுன் கவனிக்க வேண்டியவை

1. மருந்தின் பெயர் இன்றும் அனுமதிக்கப்பட்டதுதானா என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்கவும்.

2. மருந்துப் புட்டியோடு வரும் சீட்டில் பயிர், பூச்சி, அளவு, அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்கள் ஆகியவை அச்சிட்டிருக்கும். செல்போன் சொல்வதும் சீட்டும் மாறுபட்டால் சீட்டையே பின்பற்றவும்.

3. அளவு ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா, லிட்டர் தண்ணீருக்கா என்று இரண்டு முறை பார்க்கவும்.

4. ஒரு பதிலில் குறிப்பிட்ட இரண்டு மூன்று மருந்துகளைத் தாமாகவே ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் விவசாயிகள் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்ட செடியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் செல்வது இன்னும் நல்லது. தேடுபொறியைக் கேட்பதில் தவறில்லை. மருந்தைத் தொட்டியில் ஊற்றுமுன் இன்னொருவரையும் கேட்டுவிட வேண்டும்.