விளம்பரதாரர் இல்லாத விளம்பரம்: சுரைக்காய்ச் சாறு கற்பித்த பாடம்

புது தில்லி: சர்க்கரை நோய் தீரும், இதய அடைப்பு நீங்கும் என்ற உறுதிமொழிகளுடன் கைபேசிகளில் வலம்வரும் இயற்கை பானங்களில், வடமாநிலங்களில் "லௌகி' எனப்படும் சுரைக்காயின் சாற்றுக்குத் தனியிடம் உண்டு. வெறும் வயிற்றில் பச்சையாகப் பிழிந்து அருந்த வேண்டும் என்பது அச்செய்திகளின் அறிவுரை. இயற்கையானது எதுவும் தீங்கு செய்யாது என்பதே அவற்றின் அடிப்படை.

அந்த நம்பிக்கையின் விலையைத் தலைநகரம் 2010-ம் ஆண்டிலேயே கண்டது. சுரைக்காய்ச் சாற்றுடன் பாகற்காய்ச் சாற்றையும் கலந்து அருந்திய தம்பதியரில் கணவர் உயிரிழந்தார், மனைவி நோயுற்றார். இறந்தவர் அறிவியல் துறையைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதையடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த வல்லுநர் குழு இத்தகைய பாதிப்புகளை ஆராய்ந்தது. அதன் மதிப்பீடு 2012-ல் வெளியானது. சுரை, வெள்ளரி இனத் தாவரங்கள் தம்மைத் தின்ன வரும் உயிரினங்களிடமிருந்து காத்துக்கொள்ள "குகர்பிட்டசின்' என்ற நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. பயிரிடப்படும் சுரையில் இது பொதுவாக மிகக் குறைவு. எனினும், சில காய்களில் அளவு மிகுந்துவிடும். தோற்றத்தைக் கொண்டு இதை அறிய இயலாது, கசப்பே அடையாளம். வயிற்றுவலி, ரத்த வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை விளைவுகள். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

குழுவின் பரிந்துரை எளியது. சாறு பிழியுமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் காயை எறிந்துவிட வேண்டும். வேறெந்தச் சாற்றுடனும் கலக்கக் கூடாது. உபாதை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாகற்காயுடன் கலக்கும்போது எச்சரிக்கும் கசப்பு மறைந்துவிடுகிறது என்பதை எண்ணினால் இரண்டாவது பரிந்துரையின் அவசியம் விளங்கும். கசப்பதெல்லாம் மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவருக்கோ அந்த எச்சரிக்கையே ஊக்கமாகிவிடுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. சர்க்கரை நோய், இதய நோய் உள்ளிட்டவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விளம்பரதாரர்கள் முன்கூட்டியே சுய உறுதிமொழி அளிக்க வேண்டும் என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், விற்பவரோ, முகவரியோ, சீட்டோ இல்லாமல் உறவினர் அனுப்பும் செய்திக்கு எவரிடம் உறுதிமொழி கேட்பது?

வல்லுநர்களின் எச்சரிக்கை ஆங்கில ஆய்விதழோடு நின்றுவிடாமல், அந்தந்த மாநில மொழியில் காய்கறிச் சந்தை வரை செல்ல வேண்டும். வதந்தி எட்டும் தூரத்தை அரசின் அறிவுரையும் எட்டாதவரை, வெறும் சட்டத்தால் பயனில்லை.