ஆங்கிலத்தின் ‘டு’வும் தமிழின் ‘கு’வும்

மாரிக்குப்பத்தில் புறப்படும் காலை இரயில் பங்காருபேட்டைச் சந்திப்பில் நின்று பெங்களூருக்குச் செல்கிறது. 2001ஆம் ஆண்டில் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம்மவர் பலருடைய பிழைப்பு அந்த இரயிலை நம்பியே நடக்கின்றது. தந்தையர் சுரங்கத்துள் இறங்கத் தோள்வலி போதுமாயிருந்தது. மைந்தரும் மகளிரும் நகரத்து அலுவலகத்தில் நுழைய ஆங்கில விண்ணப்பம் ஒன்று வேண்டியிருக்கிறது. அவ்விண்ணப்பத்தில் நம் பிள்ளைகள் அரிய சொற்களில் தடுமாறுவதில்லை. ‘டு’ என்னும் மிகச் சிறிய சொல்லில்தான் தடுமாறுகின்றனர்.

“தமிழிலேயே எண்ணுவதால்தான் ஆங்கிலம் பிழையாகிறது, தமிழை மறந்தால் ஆங்கிலம் வந்துவிடும்” என்று கருதும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இக்கருத்து சரியன்று. தமிழ் இலக்கணத்தை ஓரளவு அறிந்தவனுக்கு ‘டு’வின் மறைபொருள் எளிதில் விளங்கும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘குடிக்கத் தண்ணீர் கொடு’ என்கிறோம். ‘குடிக்க’ என்பது செயவென் எச்சம். பள்ளியில் இன்ஃபினிடிவ் என்று கற்பிப்பதற்கு நேரானது. இதனையே ‘குடிப்பதற்குத் தண்ணீர் கொடு’ என்றும் கூறலாம். இங்கே ‘குடிப்பது’ என்னும் பெயரோடு நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ சேர்ந்துள்ளது. நம் அண்டை வீட்டுக் கன்னடர் ‘குடியலிக்கெ நீரு’ என்பர்; தெலுங்கர் ‘தாகடானிகி நீள்ளு’ என்பர். அவற்றின் ஈற்றில் உள்ள ‘கெ’யும் ‘கி’யும் நம் ‘கு’வின் உடன்பிறப்புகளே.

ஆங்கிலமும் இவ்வழியிலேயே நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் குடித்தலைக் குறிக்கும் சொல் ‘ட்ரின்கன்’. ‘குடிப்பதற்கு’ என்று சொல்ல வேண்டுமாயின், அதற்கு நான்காம் வேற்றுமை ஈறு கொடுத்து, முன்னே ‘டு’வைச் சேர்த்து, ‘டோ ட்ரின்கன்னெ’ என்றனர். காலப்போக்கில் ஈறு தேய்ந்து ஒழிந்தது. முன்னே நின்ற ‘டு’ மட்டும் எஞ்சியது. ஆகவே ‘டு ட்ரிங்க்’ என்பதில் உள்ள ‘டு’, பிறப்பால் ‘டு ஸ்கூல்’ என்பதில் உள்ள ‘டு’வேயாகும். ஒன்று ‘பள்ளிக்கு’, மற்றொன்று ‘குடிப்பதற்கு’. ‘கு’ உருபின் பொருள்களுள் ‘பொருட்டு’ என்பதனையும் நன்னூல் எண்ணியிருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

இனிப் பிழைகளைப் பார்ப்போம். ‘இருக்க ஒரு வீடு’, ‘எழுத ஒரு பேனா’, ‘உட்கார ஒரு நாற்காலி’ என்பன நல்ல தமிழ். இவற்றை நம் பிள்ளைகள் ‘எ ஹவுஸ் டு லிவ்’, ‘எ பென் டு ரைட்’, ‘எ சேர் டு சிட்’ என்று எழுதிவிடுகின்றனர். ஆங்கிலேயர் ‘எ ஹவுஸ் டு லிவ் இன்’, ‘எ பென் டு ரைட் வித்’, ‘எ சேர் டு சிட் ஆன்’ என்பர். கடைசியில் வரும் அச்சிறு சொல் எதற்கு?

இதற்கு விடை நன்னூலில் இருக்கிறது. அந்நூலைப் பவணந்தியார் இயற்றுமாறு வேண்டியவன் சீயகங்கன் என்னும் கங்கர் குலத் தலைவன். குவளாலபுரத்தின் இறைவன் என்று பொருள்படும் பட்டம் அவனுக்கு உண்டு. குவளாலபுரம் என்பது நம் கோலாரின் பழம்பெயர். அந்நூல், பெயரெச்சத்தைத் தொடர்ந்து வரக்கூடிய பெயர்களைச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறாக வகுக்கிறது. ‘எழுதும் மாணவன்’, ‘எழுதும் பேனா’, ‘எழுதும் மேசை’, ‘எழுதும் நேரம்’, ‘எழுதும் கடிதம்’ எனச் சொல்லிப் பாருங்கள். மாணவன் எழுதுகிறான், பேனாவால் எழுதுகிறோம், மேசையின்மேல் எழுதுகிறோம். உறவு வேறு வேறாயினும் ‘எழுதும்’ என்னும் சொல் மாறவில்லை. ‘ஆல்’, ‘மேல்’ என்பன மறைந்து நிற்க, கேட்போர் தாமே உணர்ந்துகொள்கின்றனர். ‘எழுதப் பேனா’ என்பதிலும் ‘ஆல்’ இவ்வாறே மறைந்து நிற்கிறது.

ஆங்கிலம் இங்கே மறைப்பதில்லை. தமிழில் மறைந்த உருபை அது வாய்விட்டுச் சொல்கிறது. ஆதலின் ஐயம் எழும்போது, பெயரையும் வினையையும் சேர்த்து ஒரு முழு வாக்கியம் ஆக்குக. ‘வீ ட்ரிங்க் வாட்டர்’ என்பதில் இடையே ஒன்றும் இல்லை. எனவே ‘வாட்டர் டு ட்ரிங்க்’ என்பதே போதும். ‘வீ லிவ் இன் எ ஹவுஸ்’ என்பதில் ‘இன்’ இருக்கிறது. எனவே ‘எ ஹவுஸ் டு லிவ் இன்’. ‘ப்ளேஸ்’, ‘டைம்’, ‘வே’ போன்ற பொதுப்பெயர்கள் மட்டும் பெரும்பாலும் இதற்கு விலக்கு. ‘எ ப்ளேஸ் டு லிவ்’ என்பது பிழையன்று.

செய்பவனைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ வரும். ‘பிள்ளைகள் படிக்கப் புத்தகம்’ என்பது ‘புக்ஸ் ஃபார் தி சில்ட்ரன் டு ரீட்’ ஆகும். ‘ஃபார்’ பிள்ளைகளுக்கு உரியது. ‘டு’ படித்தலுக்கு உரியது. இரண்டையும் ஒட்டி ‘ஃபார் டு ரீட்’ என்று எழுதுதல் தவறு.

அடுத்து, விண்ணப்பத்தின் முடிவில் வரும் பிழை. ‘உங்கள் மறுமொழியை எதிர்நோக்குகிறேன்’ என்னும் கருத்தில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று பலர் எழுதுகின்றனர். ‘டு ஹியரிங்’ என்பதே சரியானது. இதை அறியவும் ஒரு சோதனை உண்டு. ‘டு’வுக்குப் பின் ‘யுவர் ரிப்ளை’ என்னும் பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்துகிறது. ஆகவே அங்குள்ள ‘டு’ இன்னும் உருபாகவே வாழ்கிறது. அதன்பின் ‘இங்’ ஈறு பெற்ற தொழிற்பெயரே வரவேண்டும். ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்தாது; அங்கே ‘ஐ வான்ட் டு ஹியர்’ என்பதே முறை.

மற்ற முன்னிடைச்சொற்களுக்கும் இதுவே விதி. ‘கற்பதில் ஆர்வம்’ என்பது ‘இன்ட்ரஸ்ட் இன் லேர்னிங்’. ‘பற்றவைப்பதில் அனுபவம்’ என்பது ‘எக்ஸ்பீரியன்ஸ் இன் வெல்டிங்’. நம் ‘இல்’ அப்படியே ‘இன்’ ஆவதைக் காண்க. ‘செல்ல அனுமதி’ என்பதோ ‘பர்மிஷன் டு லீவ்’. எந்தப் பெயர் எதனைத் தழுவும் என்பதைப் பெயரோடு சேர்த்தே மனத்தில் கொள்ளல் வேண்டும்.

இவை வெறும் இலக்கண நுணுக்கங்கள் அல்ல. ‘2001இல் என் தந்தை வேலை செய்வதை நிறுத்தினார்’ என்று கூற விரும்பி ‘ஸ்டாப்ட் டு வொர்க்’ என்று எழுதினால், வேலை செய்வதற்காக வேறொன்றை நிறுத்தினார் என்று பொருள் தலைகீழாகிவிடும். ‘ஸ்டாப்ட் வொர்க்கிங்’ என்றாலே உண்மை வெளிப்படும். ‘அன் ஆர்டர் டு க்ளோஸ் தி ஷாப் ஆன் மன்டே’ என்றோர் அறிவிப்பு வந்தால், ஆணை திங்களன்று பிறந்ததா, கடையைத் திங்களன்று மூட வேண்டுமா? பெரும்பாலும் இரண்டாவதே பொருள். எனினும் ஐயத்திற்கு இடமுண்டு. கையொப்பமிடுமுன் கேட்டுத் தெளிவதே அறிவுடைமை.

நம் பிள்ளைகளுள் பலர் தமிழை வீட்டில் மட்டுமே கேட்டு வளர்கின்றனர். ‘எதற்கு?’, ‘எதனால்?’, ‘எதில்?’, ‘எதன்மேல்?’ என்னும் வினாக்களை அவர்களிடம் கேட்கப் பெற்றோர் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. சுரங்கத்தில் உழைத்த பாட்டனும் அடுப்படியில் இருக்கும் தாயும் கேட்கக்கூடிய வினாக்கள் இவை. பிள்ளை விடை சொல்லும்போது தமிழில் மறைந்திருக்கும் உருபு வெளிப்படும். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய சொல்லும் அதனுடன் புலப்படும். தாய்மொழியைப் படியாகக் கொண்டு பிறமொழியில் ஏறுதல் நமக்கு இயலும். அப்படியை உடைத்துவிட்டு ஏற முயல்வது வீண் உழைப்பன்றோ?