வீதியில் குழி விழுந்தால் நகரசபைக்கு யார் சொல்வது?

ரொறன்ரோவின் வாடகை கட்டுப்படியாகாமல் குவெல்ப், வாட்டர்லூ போன்ற ஒன்ராறியோவின் சிறிய நகரங்களுக்குக் குடிபோகும் எம்மவர் குடும்பங்கள் பல. புதிதாக வந்தவர்களிடம் பெரும்பாலும் கார் இருப்பதில்லை. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போகும் தாய், இரவு வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்திலிருந்து நடந்து வரும் தகப்பன், வைத்தியரிடம் போகும் வயது போன அம்மம்மா என எல்லோரும் நடைபாதையை நம்பியே இருக்கிறார்கள்.

இந்த வீதிகளையும் நடைபாதைகளையும் யார் பராமரிக்கிறார்கள்? எங்கே பழுது என்பது அவர்களுக்கு எப்படித் தெரிய வருகிறது? இதில் நாம் செய்ய வேண்டியது என்ன? எமது வாசகர்களுக்குப் பயன்படக்கூடிய விபரங்களை இங்கே தருகிறோம்.

எந்த வீதி யாருடையது?

ஒரே ஊருக்குள் ஓடும் வீதிகள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதில்லை. குவெல்ப் நகரை ஊடறுத்துச் செல்லும் ஹான்லன் நெடுஞ்சாலை மாகாண அரசுக்குரியது. மற்ற வீதிகளை நகரசபை பார்க்கிறது. வாட்டர்லூவில் இரண்டு அடுக்கு நிர்வாகம் உண்டு. வெபர் வீதி போன்ற பெரிய வீதிகள் பிராந்திய சபைக்கும், குடியிருப்புகளுக்கு உள்ளே இருக்கும் சிறிய வீதிகள் நகரசபைக்கும் உரியவை.

வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையும், அதற்கும் வீதிக்கும் இடையிலுள்ள புல்தரையும் பெரும்பாலும் நகரசபையின் நிலமே. புல்லை வெட்டும் வேலை மட்டும் வீட்டுக்காரருடையது.

இதற்கான செலவின் பெரும்பகுதி சொத்துவரியிலிருந்து வருகிறது. "நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள், வரி கட்டுவதில்லை, எந்த முகத்தோடு கேட்பது?" என்று சிலர் எண்ணுகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கட்டும் சொத்துவரியும் நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்தக் குழியை மூடும் காசில் உங்கள் உழைப்பும் உண்டு.

குழி ஏன் விழுகிறது?

தாரில் உள்ள சிறு வெடிப்பினூடாக மழைநீரும் உருகிய பனிநீரும் கீழே இறங்குகின்றன. இரவில் அந்த நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடுகிறது. அதனால் தார் மேலே தள்ளப்படுகிறது. பகலில் பனிக்கட்டி உருகியதும் அடியில் வெற்றிடம் மிஞ்சும். அதன்மேல் ஒரு பாரவண்டி ஏறினால் தார் உடைந்து உள்ளே விழும். மாசி, பங்குனி மாதங்களில் ஒரே நாளில் உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடப்பதால்தான் அக்காலத்தில் குழிகள் பெருகுகின்றன. நடைபாதையில் சீமெந்துப் பலகைகள் ஏறி இறங்கி நிற்பதற்கும் இதே உறைபனி ஒரு காரணம். மரவேர் இன்னொரு காரணம்.

சட்டம் சொல்வது என்ன?

ஒன்ராறியோவில் வீதிப் பராமரிப்புக்கான குறைந்தபட்ச நியமங்கள் 2002 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. வாகனங்களின் தொகையையும் வேக எல்லையையும் பார்த்து வீதிகளை 1 முதல் 6 வரை வகுத்திருக்கிறார்கள். குடியிருப்பு வீதிகள் பல 4 ஆம், 5 ஆம் வகுப்புகளில் வருகின்றன.

3 ஆம் வகுப்பு வீதியை 7 நாட்களுக்கு ஒரு முறையும், 4 ஆம் வகுப்பை 14 நாட்களுக்கு ஒரு முறையும், 5 ஆம் வகுப்பை 30 நாட்களுக்கு ஒரு முறையும் சுற்றிப் பார்க்க வேண்டும். தார் வீதியிலுள்ள குழி 1000 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் பரப்பும் 8 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமும் உடையதாக இருந்தால், அதை 3 ஆம் வகுப்பு வீதியில் 7 நாட்களிலும், 4 ஆம் வகுப்பில் 14 நாட்களிலும், 5 ஆம் வகுப்பில் 30 நாட்களிலும் திருத்த வேண்டும்.

நடைபாதையை வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். இரண்டு பலகைகளுக்கு இடையே 2 சென்ரிமீற்றருக்கு மேல் உயர வித்தியாசம் இருந்தால் 14 நாட்களுக்குள் கவனிக்க வேண்டும். கவனிப்பது என்றால் உடனே புதுப்பலகை போடுவது என்று பொருள் அல்ல. நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைத் தேய்த்துவிடலாம், தாரினால் சரிவு கட்டலாம், அல்லது எச்சரிக்கைக் குறி இடலாம்.

இந்த நாட்கள் எப்போதிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதுதான் முக்கியம். குழி விழுந்த நாளிலிருந்து அல்ல. நகரசபை அதை அறிந்த நேரத்திலிருந்தே கணக்கு ஆரம்பமாகிறது. நடைபாதைக்குப் பரிசோதனை வருடத்தில் ஒரு முறைதான். ஆனி மாதத்தில் பரிசோதகர் வந்து போன பின் ஆடியில் ஒரு பலகை எழும்பினால், யாரும் சொல்லாதவரை அது அடுத்த வருடம் வரையும் கண்ணில் படாமல் கிடக்கலாம். நீங்கள் எடுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு அந்த 14 நாட்களைத் தொடக்கி வைக்கிறது.

"நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கிப் பழகியவர்கள் நாம். அரச அலுவலகத்துக்குப் பெயர் கொடுப்பதென்றால் பயந்த காலமும் எமக்கு இருந்தது. இங்கே குழியைப் பற்றிச் சொல்வது முறைப்பாடு செய்து பகை தேடுவதாகாது. பரிசோதகரின் கண்ணுக்குத் தப்பியதைக் காட்டிக்கொடுக்கும் உதவி அது. சொல்பவர் கனடியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை.

எப்படி அறிவிப்பது?

நகரசபையின் பொது இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது அதன் இணையத்தளத்தில் எழுதலாம். வீதியின் பெயர், அருகிலுள்ள வீட்டின் இலக்கம் அல்லது சந்தி, வீதியின் எந்தப் பக்கம், பழுது எவ்வளவு பெரியது என்ற நான்கையும் சொன்னால் போதும். முடிந்தால் ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அவர்கள் தரும் பதிவு இலக்கத்தைத் திகதியுடன் எழுதி வையுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று கேளுங்கள். இல்லையேல் வளர்ந்த பிள்ளைகளைப் பேசச் சொல்லுங்கள். அது பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல பழக்கம்.

பனிக்காலத்தில் யார் பொறுப்பு?

5 ஆம் வகுப்பு வீதியில் பனி 10 சென்ரிமீற்றரைத் தாண்டினால், பொழிந்து முடிந்த பின் 24 மணித்தியாலத்துக்குள் அதைக் குறைக்க வேண்டும். நடைபாதைப் பனிக்கு 2018 இல் நியமம் வந்தது. பொழிந்து முடிந்து 48 மணித்தியாலத்துக்குள் 8 சென்ரிமீற்றருக்குக் குறைத்தால் போதும் என்பதே அது. கடும் புயலென்று நகரசபை பிரகடனம் செய்தால் இந்தக் கெடு தள்ளிப்போகும்.

ஆனால் நடைபாதைப் பனியை யார் வழிப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். குவெல்பில் நகரசபையின் சிறு வாகனங்கள் வந்து வழிக்கின்றன. வாட்டர்லூவிலோ பனி நின்று 24 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரரே துப்புரவாக்க வேண்டும். தவறினால் நகரசபை ஆள் வைத்துச் செய்துவிட்டு அந்தச் செலவை வீட்டுச் சொந்தக்காரரிடம் அறவிடும். புது ஊருக்குப் போனதும் முதலில் இதைக் கேட்டு அறிந்து கொள்ளுங்கள்.

வாசலில் வழித்த பனியை வீதியில் தள்ளுவது மாகாணச் சட்டப்படி குற்றம். பல நகரங்களில் குளிர்கால இரவுகளில் வீதியில் கார் நிறுத்தவும் தடை உண்டு. பனி வழிக்கும் வாகனம் போவதற்கு வழி வேண்டும் அல்லவா?

உப்பு போதாது என்று குறை சொல்வோரும் உண்டு. சைபருக்குக் கீழே 10 பாகையை அண்மித்தால் சாதாரண உப்பு வலுவிழந்து விடும். பிடிமானத்துக்கு மணல் தூவுவது அதனால்தான். மேலும் குவெல்ப், வாட்டர்லூ ஆகிய இரண்டு நகரங்களும் குடிநீருக்குப் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கின்றன. கொட்டும் உப்பு அந்த நீரில்தான் போய்ச் சேரும்.

வாடகைக்கு இருப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். பொது நடைவழியின் பனியை அகற்றுவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அந்தக் கடமையைக் குடியிருப்பவர் தலையில் சுமத்த முடியாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. நீங்கள் வழிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியான உடன்பாடு வேண்டும்.

விழுந்து காயப்பட்டால்

நகரசபையின் வீதியிலோ நடைபாதையிலோ விழுந்து காயப்பட்டு நட்டஈடு கேட்பதானால், 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் நகரசபையின் கிளார்க்குக்கு அறிவிக்க வேண்டும். நேரிலோ பதிவுத்தபாலிலோ கொடுக்கலாம். திகதி, நேரம், இடம் மூன்றையும் அதில் எழுத வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். நடைபாதையில் பனியால் விழுந்திருந்தால், நகரசபை பாரதூரமான அசட்டையாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அது கடினம். தனியார் வளவில் பனியில் விழுந்தால், 2021 முதல் 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எதுவானாலும் உடனே வைத்தியரைப் பாருங்கள், இடத்தைப் படம் எடுங்கள், சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இதெல்லாம் விழுந்த பின் செய்ய வேண்டியவை. விழாமல் இருக்கச் செய்யக்கூடியது, நாளை பாடசாலைக்கு நடக்கும்போது காலடியைப் பார்த்து, ஏறி நிற்கும் பலகை ஒன்றைக் கண்டால் அன்றே நகரசபைக்குச் சொல்வது. அவ்வழியால் நடக்கும் எவரோ ஒருவரின் கால் முறியாமல் அது காக்கும்.