கடலுக்கடியில் கும்பகம் வேண்டாம்!

"என்னங்க, 'ஆஸ்துமா உண்டா?'ன்னுதானே கேட்டிருக்கு? பேனாவைக் கையில வச்சுக்கிட்டு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?"

என் மனைவி கேட்ட இந்தக் கேள்விக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷமாக ஊராருக்கு இரைப்பு நோய்க்கு மருந்து கொடுத்து வருகிறவன் நான். அந்த ஒரு சின்னக் கட்டத்தில் 'ஆம்' என்று டிக் போட எனக்கு மனசு வரவில்லை!

விஷயம் இதுதான். மகளும் மாப்பிள்ளையும் பிரான்ஸ் நாட்டின் தெற்குக் கரையில், துலோன் நகரத்தில் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு ஸ்கூபா டைவிங்கில் ரொம்ப ஈடுபாடு. முறையாகப் பயிற்சி பெற்றவர். "மாமா, நீங்களும் அத்தையும் ஒரு தடவை கடலுக்குள்ள இறங்கிப் பார்க்கணும்" என்று பிடிவாதமாக ஏற்பாடு செய்துவிட்டார். நீச்சல் தெரிந்தவர்கள், முதல் தடவையாக, பயிற்சியாளரின் கைப்பிடியிலேயே 6 மீட்டர் ஆழம் வரை போய் வரலாம். போகும் இடம், போர்க்ரோ தீவு.

வேட்டை இல்லாத கடல்

இயேர் என்ற ஊர்த் துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம். அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. இஞ்சி மொரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தீவு நெருங்க நெருங்க, கரை வரை இறங்கி வந்த பைன் மரங்களும் பச்சைக் கண்ணாடி போன்ற தண்ணீரும் கண்ணில் பட்டன. தீவில் கார் கிடையாது. எங்கே போனாலும் நடைதான்.

1963 டிசம்பரில் இந்தத் தீவைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவை மட்டுமல்ல, கரையைச் சுற்றி 600 மீட்டர் தூரம் வரை கடலையும் சேர்த்து! ஐரோப்பாவில் கடலையும் காப்பதற்காக ஏற்பட்ட ஆரம்ப காலப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. இங்கே ஈட்டித் துப்பாக்கியோடு யாரும் தண்ணீரில் இறங்க முடியாது. சிறிய படகு வைத்துப் பிழைக்கும் மீனவர்கள் மட்டும், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு வலை போடலாம். முங்கிப் பார்க்க வருகிறவர்களுக்கும் விதிகள் உண்டு. எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது, மீனுக்குத் தீனி போடக் கூடாது.

நம் வீட்டுப் பூஜை அறை மாதிரி. பார்க்கலாம், கும்பிடலாம். கையை வைக்கக் கூடாது!

சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் அல்ல

முதுகில் மாட்டும் சிலிண்டரில் ஆக்ஸிஜன் இருக்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே இருப்பது நீங்களும் நானும் சுவாசிக்கிற சாதாரணக் காற்றுதான். அதை 200 மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். 12 லிட்டர் பிடிக்கும் சிலிண்டரில் சுமார் 2400 லிட்டர் காற்று!

அத்தனை வேகமுள்ள காற்றை அப்படியே வாயில் விட்டால் என்ன ஆகும்? அதைத் தணித்து, இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், நாம் இழுக்கும்போது மட்டும் கொடுக்க ஒரு கருவி வேண்டும். ஜாக் குஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எமில் கன்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து 1943-ல் அதை உருவாக்கினார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கார்களை வாயுவில் ஓட்டுவதற்காகக் கன்யான் செய்து வைத்திருந்த ஒரு வால்வுதான் இதற்கு மூலம். குஸ்தோ அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிச் சோதித்த பந்தோல் என்ற ஊர், துலோனுக்கு அந்தப் பக்கம். நாங்கள் படகு ஏறிய இயேர், துலோனுக்கு இந்தப் பக்கம். ஸ்கூபா பிறந்த வீட்டுக்கே போயிருந்தோம் என்று சொல்லலாம்.

ஏன் மூச்சை அடக்கக் கூடாது?

இறங்குவதற்கு முன் பயிற்சியாளர் பாடம் எடுத்தார். இளைஞர். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். முதல் விதி, கடைசி விதி எல்லாம் ஒன்றுதான்: "தண்ணீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிராணாயாமம் சொல்லிக் கொடுக்கிறவன். பூரகம், கும்பகம், இரேசகம் என்று உள்ளே இழுத்து, நிறுத்தி, வெளியே விடும் கணக்கைத் தினமும் நோயாளிகளுக்குச் சொல்கிறவன். கும்பகம்தானே அதில் சாரம்? இங்கே கும்பகமே கூடாது என்கிறாரே!

விளக்கத்தைக் கேட்டதும் புரிந்தது. கரையில் நம் மேல் இருப்பது ஒரு மடங்கு காற்றழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும், குறைந்தால் விரியும். 10 மீட்டர் ஆழத்தில் ஒரு பலூனை ஊதிக் கட்டி மேலே விட்டால், தண்ணீர் மட்டத்துக்கு வருவதற்குள் அது இரண்டு பங்காக உப்பிவிடும். அந்தப் பலூனின் இடத்தில் நம் நுரையீரலை வைத்துப் பாருங்கள்!

ஆழத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, பயத்தில் மூச்சை அடக்கியபடி விருட்டென்று மேலே வந்தால் நுரையீரலின் மெல்லிய காற்றறைகள் கிழியும். காற்றுக் குமிழ்கள் ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போனால், பக்கவாதம் போல ஆளைச் சாய்த்துவிடும். இதற்குப் பெரிய ஆழம்கூடத் தேவையில்லை. நெஞ்சு நிறையக் காற்றோடு ஒன்றரை மீட்டரிலிருந்து எழும்பினாலே இந்த ஆபத்து உண்டு.

"அப்படியானால் நம் தூத்துக்குடி முத்துக் குளிப்பவர்கள்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர்கள் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கித்தானே இறங்கினார்கள்? ஆனால் அவர்கள் நெஞ்சில் கொண்டுபோனது கரைக் காற்று. கீழே போகும்போது அது சுருங்கியது. மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பியது, அதற்கு மேல் விரியவில்லை. ஸ்கூபாவில் ஆழத்திலேயே புதுக் காற்றை நிரப்பிக்கொள்கிறோம். வித்தியாசம் அங்கேதான்.

கும்பகம் தப்பில்லை. அதற்கான இடம் பாய், கடல் அல்ல!

அந்தக் கேள்வித்தாள்

இப்போது அந்தச் சின்னக் கட்டத்துக்கு வருகிறேன்.

இறங்குகிறவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டினார்கள். ஆங்கிலப் பிரதிதான். வலிப்பு உண்டா? இருதய நோய்? காதில் ஆபரேஷன்? ஆஸ்துமா?

எனக்குச் சிறு வயது முதல் இரைப்பு உண்டு. ஆடாதோடையும் திப்பிலியும் சேர்ந்த மருந்துகளோடு பத்தியமும் கடைப்பிடித்து, அதை வெகுவாக அடக்கி வைத்திருக்கிறேன். நோயாளிகளிடம் பெருமையாக, "என்னையே பாருங்க, எனக்கே சரியாப் போச்சு" என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் உண்மையில், அந்த மே மாதம்கூட இரண்டு ராத்திரி நெஞ்சு விசிலடித்து, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

'இல்லை' என்று எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? 'ஆம்' என்று எழுதினால் மாப்பிள்ளை முன்னால் என் வைத்தியத்தையே நான் குறை சொன்ன மாதிரி ஆகாதா?

என் மனைவி குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். "உங்ககிட்ட வர்ற நோயாளி இப்படி மறைச்சா என்ன திட்டு திட்டுவீங்க?"

பேனா தானாக நகர்ந்தது. 'ஆம்' என்று டிக் போட்டேன்.

பயிற்சியாளர் படித்துப் பார்த்து, மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தலையசைத்தார். நெஞ்சு மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் மட்டுமே இறங்கலாம் என்றார். காரணம் நான் மேலே சொன்னதுதான். இரைப்பில் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, சளி அடைத்து, நுரையீரலின் சில மூலைகளில் காற்று வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். நாம் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் அந்த மூலை மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்! மேலே வரும்போது அங்கே தங்கிய காற்று விரிந்தால்...? போதாக்குறைக்குக் குளிர்ந்த நீரும் சிலிண்டரின் வறண்ட காற்றும் இரைப்பைக் கிளப்பிவிடக்கூடியவை.

மறைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா, தெரியாது.

வைத்தியர் மேலே, அம்மாள் கீழே!

ஐம்பத்திரண்டு வயதில் புடவையை மடித்து வைத்துவிட்டு, கறுப்பு ரப்பர் உடுப்பில் வந்து நின்ற மனைவியைப் பார்த்து மகள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவளோ எதையும் கண்டுகொள்ளாமல், பயிற்சியாளர் கையைப் பிடித்து இறங்கிவிட்டாள். நான் கரையில் நின்று, மேலே வரும் குமிழ்களை எண்ணினேன். குமிழ் வருகிறது என்றால் மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம்.

இருபது நிமிஷம் கழித்து மேலே வந்தாள். முதல் வார்த்தை: "அங்க ஒரு வயல் இருக்குங்க!"

அவள் பார்த்தது பொசிடோனியா என்ற கடற்புல். பாசி அல்ல. வேர், இலை, பூ, காய் எல்லாம் உள்ள நிஜத் தாவரம். இந்த வகை மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்வது. நாற்று வளர்ந்த வயல் போல அலையோடு சாய்ந்து நிமிர்கிறதாம். மீன் குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில். வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். ஒரு படகின் நங்கூரம் ஒரே இழுப்பில் பிய்த்தெறிவது, திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் நங்கூரம் போடாமல் படகைக் கட்டுவதற்காக மிதவைகள் வைத்திருக்கிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை, நெஞ்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, லா பாலூ கடற்கரைக்குப் போனோம். அங்கே தண்ணீருக்கடியில் தகவல் பலகைகளோடு ஒரு பாதையே வைத்திருக்கிறார்கள். கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி, மேலாக மிதந்தபடியே பார்க்கலாம். நீல மீன் குஞ்சுகள், புல்லை மேயும் மஞ்சள் கோட்டு மீன்கள், பாறை இடுக்கில் முள்ளெலிகள்... மிதந்தபடியே நானும் அந்த வயலைப் பார்த்துவிட்டேன்.

களவா திரும்பி வந்த கதை

மாப்பிள்ளை போனது தீவின் தெற்கே கபினியேர் என்ற பாறைத் திட்டுக்கு. பயிற்சி பெற்றவர்களுக்கான இடம். சீலா மீன் கூட்டத்தைத் தாண்டி 25 மீட்டரில் அவர் கண்டது ஒரு மீட்டர் நீளப் பழுப்பு நிறக் களவா. "மாமா, அது பயந்து ஓடலை. என்னையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு" என்றார்.

இந்தக் களவா ஐம்பது வயது வரைகூட வாழும். பெண்ணாக வாழ்வைத் தொடங்கி, வயதான பிறகு ஆணாக மாறும். அதனால் பெரிய மீனாகப் பார்த்துக் குத்தினால் ஆண் இனமே அற்றுப்போகும். ஒரு காலத்தில் அப்படித்தான் ஈட்டித் துப்பாக்கிக்காரர்கள் குத்திக் குவித்தார்கள். போர்க்ரோ கடலில் வேட்டை நின்றது. 1993-ல் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையிலும் களவாவை ஈட்டியால் குத்தத் தடை வந்தது. முன்பு தேடிப் பார்க்க வேண்டியிருந்த மீன், இன்று அந்தப் பாறைகளில் கூட்டமாக நிற்கிறது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. நாம் விலகி நின்றோம், அது வந்துவிட்டது.

டைவிங் போகிறவர்கள் கவனத்துக்கு

உங்கள் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கலாம். உங்களையும் கூப்பிடலாம். இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

* ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், செவிப்பறையில் ஓட்டை, கர்ப்பம் - எதையும் மறைக்காதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

* ஜலதோஷம் இருந்தால் அன்று வேண்டாம். மாத்திரை போட்டோ, நொச்சி ஆவி பிடித்தோ மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவதும் தப்பு. ஆழத்தில் மறுபடி அடைத்துக்கொண்டால் காதும் நெற்றியும் தெறிக்கும்.

* இறங்கும்போது, காது வலிப்பதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறந்துகொள்ளுங்கள். வலித்தால் கொஞ்சம் மேலே வாருங்கள். முக்கி ஊதாதீர்கள்.

* டைவிங் முடிந்து காது வலித்தால் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கலாம். காது டாக்டரிடம் காட்டுங்கள்.

* மேலே வருவது நிதானமாக இருக்கட்டும். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைக்கும். பிறகு மூட்டு வலியோ, மரத்துப்போவதோ, தலைசுற்றலோ வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி போங்கள்.

* அன்றே விமானம் ஏறாதீர்கள். ஒரு தடவை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

* முந்தின நாள் முதலே தண்ணீர் நிறையக் குடியுங்கள். மது கூடவே கூடாது.

ஊர் திரும்பிய பிறகு, இரைப்புக்கு என்னிடம் வரும் ஒரு பெரியவர் கேட்டார்: "டாக்டர், உங்களுக்கும் இது இருந்ததாமே? முழுசாக் குணமாயிடுச்சா?"

முன்பென்றால் 'ஆமாம்' என்றிருப்பேன். "இல்லைங்க. கட்டுக்குள்ள இருக்கு. வர்ற மாசம் நாம ரெண்டு பேருமே நெஞ்சு டாக்டர்கிட்ட ஊதிப் பார்த்துடலாம்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு, "அப்ப நானும் ஒண்ணு சொல்லணும் டாக்டர்... பீடியை இன்னும் விடலை" என்றார்.

இத்தனை வருஷமாக அவர் என்னிடம் சொல்லாதது அது!